எல்லாரும் 'மூலம்'னுதான் கேட்டு வர்றாங்க: ஆசனவாய் வெடிப்புக்கு மருந்துக்கடையில எதுவரைக்கும் கொடுக்கலாம்?

அடிவாரக்கடை எழுதியது:

ஏற்காடு அடிவாரத்துப் பக்கம் மருந்துக்கடை. கவுன்ட்டருக்கு வர்ற யாரும் "வெடிப்பு"ன்னு சொல்றதில்லை. "மூலத்துக்கு ஒரு ட்யூப் குடுங்க", அவ்வளவுதான். எஸ்டேட்ல இருந்து பஸ் பிடிச்சு இறங்குறவங்க, கொலுசுப் பட்டறையில நாள் முழுக்க சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறவங்க, பிரசவமான மகளுக்காக வர்ற அம்மாக்கள், எல்லாருக்கும் அதே ஒரு வார்த்தை. ரெண்டு நிமிஷத்துல கேள்வி கேட்டே பிரிச்சாகணும்.

என்ன கேட்டா மூலம், வெடிப்பு, பவுத்திரம் மூணும் பிரியும்? வழக்கமா விக்கிற மூல ஆயின்ட்மென்ட் வெடிப்புக்காரங்களுக்குப் போனா நஷ்டம் உண்டா? சீட்டு இல்லாம எதுவரைக்கும் கொடுத்துட்டு, எந்த இடத்துல "டாக்டரைப் பாருங்க"ன்னு நிறுத்தணும்? இன்னொண்ணு: வெடிப்புக்கு ஆசனவாய்த் தசையைத் தளர்த்தற டில்டியாசெம் ஜெல்லை சீட்டோட வாங்கிட்டுப் போறவங்க ரெண்டு வாரத்துல நல்லாயிட்டதுன்னு சொல்றாங்க, ரெண்டு மாசம் கழிச்சு அதே வலியோட வர்றாங்க. மருந்து வேலை செய்யலையா, இல்ல போடற விதம் தப்பா?

ஆறுமணிக்கோடு பதில்:

வலியின் நேரத்தைக் கேளுங்கள். பெரும்பாலும் அது ஒன்றே பிரித்துக் காட்டிவிடும்.

மலம் வெளியேறும்போது கண்ணாடிச் சில்லால் கீறியது போல வலி, அதன்பின் அரைமணியிலிருந்து சில மணி நேரம் வரை இறுக்கிப் பிடித்தது போன்ற எரிச்சல், பிறகு அடுத்த முறை போகும்வரை ஓரளவு நிம்மதி என்றால் வெடிப்பு. ரத்தம் பளிச்சென்ற சிவப்பில் ஓரிரு சொட்டு, அல்லது மலத்தின் ஒரு பக்கத்தில் கோடு போட்டது போல இருக்கும். உள்மூலம் பொதுவாக வலிக்காது. கழிப்பறையே சிவக்கும் அளவுக்கு ரத்தம் போயிருக்கும், ஆள் சாதாரணமாக நின்று பேசுவார். திடீரென்று நீலம் பாய்ந்த கட்டி, முதல் இரண்டு மூன்று நாள் கடுமையான வலி என்றால் வெளிமூலத்தில் ரத்தம் உறைந்திருக்கிறது. நாள் முழுக்க விண்விண் என்று தெறித்து, உட்கார முடியாமல், காய்ச்சலும் சேர்ந்தால் அது சீழ்க்கட்டி. அன்றைக்கே அறுவை சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும், ட்யூப் கொடுத்து ஒரு நாளைக்கூட வீணாக்காதீர்கள். பவுத்திரத்தில் வலி பெரிதாக இராது, ஆசனவாய்க்குச் சற்றுத் தள்ளி ஒரு சிறு துளை, அதிலிருந்து கசிந்து உள்ளாடையில் கறை.

"சதை வெளியே வந்திருக்கு" என்ற சொல்லை மட்டும் நம்பி மூலம் என்று முடிவு கட்டாதீர்கள். ஆறேழு வாரம் ஆறாத வெடிப்பின் வெளி ஓரத்தில் தோல் தடித்து ஒரு சிறு நுனி தொங்கும். காவல்காரன் போல வாசலில் நிற்கும் இந்தச் சதையைத்தான் நோயாளிகள் தொட்டுப் பார்த்து மூலம் என்கிறார்கள். வெடிப்பு ஆறினாலும் அந்த நுனி இருக்கும். அதனால் கெடுதல் இல்லை.

ஏன் ஆறுவதில்லை என்பதைப் புரிந்துகொண்டால் உங்கள் கடைசிக் கேள்விக்கும் விடை கிடைத்துவிடும். ஆசனவாயைச் சுற்றி இரண்டு வளையத் தசைகள். வெளிவளையம் நம் சொல்பேச்சு கேட்கும். உள்வளையம் கேட்காது, தானாக இறுகியே இருக்கும். கெட்டி மலம் தோலைக் கிழிக்கிறது, வலியில் உள்வளையம் இன்னும் இறுகுகிறது, இறுகிய தசை தன்னைத் துளைத்துக்கொண்டு தோலுக்குப் போகும் ரத்தத்தை நெரிக்கிறது. ரத்தம் போகாத புண் எப்படி ஆறும்? வெடிப்பு பெரும்பாலும் பின்பக்க நடுக்கோட்டில், மல்லாந்து படுத்தவரைக் கடிகாரமாகப் பார்த்தால் ஆறு மணி இடத்தில் வருகிறது. இயல்பாகவே ரத்த ஓட்டம் குறைவான இடம் அது. வலிக்குப் பயந்து நோயாளி போவதைத் தள்ளிப் போடுகிறார், குடலில் தங்கிய மலம் நீர் வற்றி இன்னும் கெட்டியாகிறது, மறுபடி கிழிகிறது. ஆகவே மருத்துவத்துக்கு இரண்டு முனை: மலம் இளக வேண்டும், தசை தளர வேண்டும். புண்ணுக்கு மேலே எதைப் பூசுவது என்பது அதற்கெல்லாம் பிறகு.

டாக்டரிடம் அனுப்ப வேண்டியவர்கள்: வலது, இடது பக்கவாட்டில் வெடிப்பு அல்லது ஒன்றுக்கு மேற்பட்ட வெடிப்பு என்று முன்பே சொல்லப்பட்டவர்கள் (காசநோய், கிரோன் என்ற குடல் அழற்சி நோய், எச்.ஐ.வி., சிபிலிஸ் எல்லாம் யோசிக்க வேண்டிய இடம்), கறுத்த அல்லது மலத்தோடு கலந்த ரத்தம், எடை குறைதல், 45 வயதுக்கு மேல் புதிதாக மாறிய மலப் பழக்கம், குடும்பத்தில் குடல் புற்றுநோய், சீழ், காய்ச்சல், ஆறு வாரம் தாண்டிய வலி. சேலத்தில் என்றால் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அறுவை சிகிச்சைப் புறநோயாளிப் பிரிவு போதும். கடும் வலியில் இருப்பவருக்கு விரல் விட்டுப் பார்க்கக்கூட வேண்டியதில்லை. பிட்டத்தை மெதுவாக விலக்கினாலே வெடிப்பின் கீழ்நுனி தெரியும். "உள்ளே குழாய் விடுவாங்க" என்று பயந்து வராமல் இருப்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

சீட்டுப்பார்வை பதில்:

நானும் ஃபார்மசிதான், ரெண்டாவது கேள்விக்கு மட்டும். ட்யூபைத் திருப்பிச் சேர்மானத்தைப் படிங்க. நிறைய மூல ஆயின்ட்மென்ட்ல மூணு சரக்கு இருக்கும்: லிக்னோகெய்ன், ஒரு ஸ்டீராய்டு, பினைல்எஃப்ரின். லிக்னோகெய்ன் மரத்துப்போக வைக்கும், அது சரி. பினைல்எஃப்ரின் ரத்தக்குழாயைச் சுருக்கும். வீங்கின மூலத்துக்கு அதுல நியாயம் இருக்கலாம், வெடிப்புக்கு வேண்டியது அதுக்கு நேர் எதிர். மேல டாக்டர் சொன்ன ரத்த ஓட்டக் கணக்கைப் பாருங்க. ஸ்டீராய்டை வாரக்கணக்கில பூசினா தோல் மெலியும், பூஞ்சை வரும், அரிப்பு வரும், அந்த அரிப்புக்கு இன்னொரு ட்யூப் கேட்டு வருவாங்க.

சீட்டு இல்லாம கொடுக்கிறதுன்னா நாலு சரக்கோட நிறுத்திக்கலாம்னு என் கணக்கு: இசப்கோல், மலம் இளக்கற லாக்டுலோஸ் சிரப், லிக்னோகெய்ன் மட்டும் உள்ள 2% ஜெல் அல்லது 5% ஆயின்ட்மென்ட், பாரசிட்டமால். லிக்னோகெய்ன் வெளிக்குப் போறதுக்கு அஞ்சு பத்து நிமிஷம் முன்னாடி, ஒரு வாரம் பத்து நாள் வரைக்கும். டிரமடால், கோடீன் சேர்ந்த வலி மாத்திரை கையிலேயே எடுக்காதீங்க, மலம் கல்லாயிடும்.

இசப்கோலை எப்படிக் குடிக்கணும்னு சொல்லாம கொடுத்தா அது விஷப் பரீட்சை. ஒரு டீஸ்பூன்ல ஆரம்பிச்சு ஒரு வாரத்துல ரெண்டு டீஸ்பூன். ஒவ்வொரு தடவையும் ஒரு பெரிய டம்ளர் தண்ணி, 200 மில்லிக்குக் குறையாம, கலக்கின உடனே குடிச்சு, அதுக்கு மேல இன்னொரு டம்ளர். அரை டம்ளர்ல கூழாக்கி முழுங்கினா குடல்ல இருக்கிற தண்ணியை இழுத்துக்கிட்டு அதுவே அடைச்சுக்கும். தைராய்டு மாத்திரை மாதிரி மத்த மருந்துக்கும் இதுக்கும் ரெண்டு மணி நேரம் இடைவெளி. லாக்டுலோஸ் ராத்திரி 15 மில்லி, தேவைன்னா 30. ரெண்டு நாள் கழிச்சுத்தான் வேலை தெரியும், மொதல் சில நாள் வயிறு உப்பும், இதை முன்னாடியே சொல்லிடுங்க. இல்லைன்னா மறுநாளே பாட்டிலைத் திருப்பிக் கொண்டு வருவாங்க. பால் கொடுக்கிற அம்மாக்களுக்கும் கொடுக்கலாம்.

நைட்ரோகிளிசரின் ஆயின்ட்மென்ட் (இதுவும் தசையைத் தளர்த்தறதுதான்) சீட்டு வந்தா ஒரு கேள்வி கட்டாயம்: ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாஃபில், டடலாஃபில் மாத்திரை சாப்பிடறாரான்னு. கூட்டம் நிக்கும்போது ஆம்பளைங்க பதில் சொல்ல மாட்டாங்க, ஓரமாக் கூப்பிட்டுக் கேளுங்க. ரெண்டும் சேர்ந்தா பிரஷர் சரிஞ்சு மயங்கி விழுவாங்க. தலைவலி இதுல ரொம்ப சகஜம். அதனாலதான் இப்ப டில்டியாசெம் 2% சீட்டு அதிகமா வருது.

வார்டு அக்கா பதில்:

ஜெல் போடற விதம் தப்பான்னு கேட்டிருக்கீங்க. முக்காவாசி தப்புதான் தம்பி. ஒருத்தர் வெளியில பவுடர் மாதிரி தடவிட்டு வருவார், இன்னொருத்தர் ட்யூபோட மூக்கையே உள்ள விட்டு அமுக்குவார், புண்ணு இன்னும் கிழியும்.

விரல் உறையோ கையுறையோ போட்டுக்கணும், இல்லைன்னா பிளாஸ்டிக் பையைச் சுத்திக்கலாம். பட்டாணி அளவு ஜெல். இடது பக்கம் ஒருக்களிச்சு, முழங்காலை வயித்துக்கிட்ட மடக்கிப் படுக்கணும். ஆசனவாயோட விளிம்பைச் சுத்திப் பூசி, விரல் நுனி ஒரு சென்டிமீட்டர் உள்ள போனாப் போதும். அவ்வளவு ஆழத்துலதான் அந்தத் தசையோட கீழ் ஓரம் இருக்கு. வலி தாங்கலைன்னா மொத நாலஞ்சு நாள் விளிம்போட நிறுத்திக்கலாம். அஞ்சு நிமிஷம் அப்படியே படுத்துட்டு, கையைக் கழுவிட்டு எழுந்திரிக்கணும். காலை, ராத்திரி. காலையில வெளிக்குப் போய், வெந்நீர்ல உட்கார்ந்து, ஒத்தித் துடைச்சு, அதுக்கப்புறம் ஜெல். முன்னாடி பூசினா மலத்தோட போயிடும். சிலருக்கு அரிப்பும் சிவப்பும் வரும். அப்படின்னா நிறுத்திட்டு டாக்டர்கிட்ட காட்டணும், மேல மேல பூசக் கூடாது.

வெந்நீர்னா கொதிக்கக் கொதிக்க இல்ல. அகலமான பிளாஸ்டிக் பேசின்ல மொதல்ல பச்சைத் தண்ணி, அப்புறம் கொதிநீர். சேலத்துக் குழாய்த் தண்ணின்னா நாலு செம்புக்கு ஒரு செம்பு கொதிநீர், ஏற்காட்டு மார்கழித் தண்ணின்னா மூணு செம்புக்கு ஒண்ணு. சித்திரையில மாடித் தொட்டித் தண்ணியே சுடும், அதுக்குக் கொதிநீரே வேண்டியதில்லை. முழங்கையை விட்டுப் பார்த்து இதமா இருந்தாச் சரி. பத்துப் பதினஞ்சு நிமிஷம், ஒரு நாளைக்கு ரெண்டு மூணு தடவை, வெளிக்குப் போயிட்டு வந்த உடனே ஒண்ணு கட்டாயம். உப்பு, டெட்டால், மஞ்சத்தூள், ஊதாத் தூள் (பொட்டாசியம் பெர்மாங்கனேட்) எதுவும் வேண்டாம். சூடுதான் மருந்து, தசை அதுலதான் இளகுது. ஊதாத் தூளை அள்ளிப் போட்டுத் தோல் கருகினவங்களும் வருவாங்க.

கழுவறதுக்கு சோப்பு வேண்டாம், பிரஷர் குழாயைக் கிட்ட வெச்சு அடிக்கவும் வேண்டாம். கக்கூஸ்ல அஞ்சு நிமிஷத்துக்கு மேல உட்காரக் கூடாது, போன் வெளியில இருக்கட்டும். வெஸ்டர்ன் டாய்லெட்னா காலுக்கடியில ஒரு சாண் உயரத்துக்குப் பலகை.

அடிவாரக்கடை:

நன்றி டாக்டர், நன்றி அக்கா. பினைல்எஃப்ரின் விஷயம் எனக்கே இப்பத்தான் உறைக்குது. எஸ்டேட்ல வேலைக்குப் போறவங்களுக்குக் காலையில ஆறு மணிக்கெல்லாம் பேசின்ல உட்காருன்னு சொன்னா நடக்காது, அதுக்கு என்ன வழி? அப்புறம் துத்தி இலை, விளக்கெண்ணெய், கருணைக்கிழங்கு எல்லாம் கேக்கிறாங்க. வேண்டாம்னு சொன்னா என்னை நம்ப மாட்டாங்க, சரின்னு சொல்லவும் மனசு வரலை.

வார்டு அக்கா:

வேலை முடிஞ்சு வந்து சாயங்காலம் ஒண்ணு, படுக்கப் போறப்ப ஒண்ணு. காலையில முடியலைன்னா வெந்நீர்ல துணியை நனைச்சுப் பிழிஞ்சு, ஒருக்களிச்சுப் படுத்து ஒத்தடம் அஞ்சு நிமிஷம். முழுப் பலன் இல்லைன்னாலும் ஒண்ணுமில்லாததுக்கு அது தேவலாம். காட்டுல அவசரம் வந்தா அடக்கிக்கிட்டு வேலை பார்க்கிறதுதான் அவங்களுக்குப் பெரிய கெடுதல், அதையும் சொல்லுங்க. காலைக் காப்பி குடிச்ச கால் மணி, அரை மணியில குடல் தானே தள்ளும். கிளம்பறதுக்கு முன்னாடி அந்த நேரத்தை வீட்லயே ஒதுக்கிக்கச் சொல்லுங்க.

சாமைச்சோறு பதில்:

உணவுப் பக்கம் யாரும் தொடலை. ஒரு நாளைக்கு 25 முதல் 30 கிராம் நார் வேணும். தீட்டின வெள்ளை அரிசி 100 கிராம்ல 3 கிராம்தான். கேழ்வரகு 100 கிராம்ல சுமார் 11, துவரம்பருப்பில சுமார் 9. நடுத்தரக் கொய்யா ஒண்ணு 5 கிராமுக்கு மேல தரும். ஆக ஒரு வேளை கேழ்வரகுக் களி, ஒரு கை கீரைப் பொரியல், பருப்போ கொள்ளோ, ரெண்டு கொய்யா, இதுலயே பெரும்பகுதி வந்துடுது. ஒரே நாள்ல ஏத்தினா வாயு கட்டும், ரெண்டு வாரத்துல கொஞ்சம் கொஞ்சமா ஏத்தணும்.

நம்ம ஊர்ல ஒரு தனித் தப்பு உண்டு. சேலம் ஜவ்வரிசி ஊரு. உடம்பு சரியில்லைன்னா ஜவ்வரிசிக் கஞ்சி, ஜவ்வரிசி உப்புமா, "லேசா இருக்கும்"னு. வெறும் மாவுச்சத்து அது, நார் கிட்டத்தட்ட சுழி. வெடிப்புக்காரருக்கு மூணு நாள் அதையே கொடுத்தா நாலாம் நாள் அவர் படற பாட்டைச் சொல்ல வேண்டாம். பரோட்டாவும் அதே கதைதான்.

தட்டுவடை செட்டுக்கு மேல ஊத்தற காரச் சட்னி, பச்சைமிளகாய் பஜ்ஜி ரெண்டையும் புண்ணு ஆறும்வரை தள்ளி வைங்க. மிளகாயோட காரம் முழுசா செரிக்காமலே இறங்கி புண்ணுல எரியும். செட்டுல இருக்கிற பீட்ரூட், கேரட் துருவல் நல்லதுதான், அதை மட்டும் தனியா வாங்க யாரும் வர மாட்டாங்க!

தண்ணி ரெண்டு, ரெண்டரை லிட்டர். பட்டறையில உலைக்குப் பக்கம், தறிக்கூடத்துல வேர்த்துக் கொட்டறவங்களுக்கு இன்னும் அதிகம். மேல ஏற்காட்டுக் குளிர்ல தாகமே தெரியாது, அதனால அங்க பாட்டில்ல அளந்து வெச்சுத்தான் குடிக்கணும்.

துத்திக்கீரையைப் பாசிப்பருப்போட கடைஞ்சு சாப்பிடட்டும், கருணைக்கிழங்கைப் புளி விட்டு வேக வெச்சு சாப்பிடட்டும். ரெண்டும் நல்ல சாப்பாடு, நாரும் கிடைக்கும். இலையை அரைச்சுப் புண்ணு மேல வெச்சுக் கட்டறது வேற விஷயம்.

ஆறுமணிக்கோடு:

இலையைக் கட்டுவது வேண்டாம், அந்த இடத்தில் சுத்தத்துக்கு உத்தரவாதம் இல்லை. விளக்கெண்ணெயை விளிம்பில் வழுவழுப்புக்காகத் தடவினால் கெடுதல் ஒன்றும் இல்லை. வாஸலின் செய்யும் வேலையைத்தான் அது செய்கிறது. குடிப்பதுதான் சிக்கல். தண்ணீராகப் போகும் மலமும் வெடிப்பை எரிக்கும், கிளறும். பிஸகோடில், சென்னா என்ற பேதி மாத்திரைகளைத் தினமும் போடுவதும் அதே தவறு. மலம் பற்பசை பதத்தில் இருக்க வேண்டும், தண்ணீராக அல்ல. எனிமா குழாயை வெடிப்புள்ளவருக்குச் செருகவே கூடாது.

பேருந்து நிலையச் சுவர்களில் "மூலம், பவுத்திரம், ஆபரேஷன் இல்லாமல் ஒரே ஊசியில்" என்று ஒட்டியிருக்கும் நோட்டீஸ்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆசனவாயில் என்ன மருந்தை ஏற்றுகிறார்கள் என்று சொல்லாத எவரிடமும் ஊசி போட்டுக்கொள்ளக் கூடாது. உள்மூலத்தைச் சுருக்கும் ஊசிமருந்து தவறி வெடிப்பின் அருகே இறங்கினால் தசை அழுகும், சீழ்க்கட்டி வரும்.

முறையான வைத்தியத்தில் ஊசி என்பது போட்டுலினம். இறுகிய தசையைச் சுமார் மூன்று மாதம் தளர்த்தி வைக்கும், அதற்குள் புண் ஆற வேண்டும். எட்டு வாரம் ஜெல் போட்டும் ஆறாதவர்களுக்கு அடுத்த படி இதுவோ அறுவை சிகிச்சையோ. நாள்பட்ட வெடிப்பில் டில்டியாசெம் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு ஆற்றிவிடுகிறது. உள்வளையத் தசையின் கீழ்ப்பகுதியை மட்டும் பக்கவாட்டில் வெட்டிவிடும் அறுவை சிகிச்சை பத்தில் ஒன்பது பேருக்கு மேல். அன்றே அல்லது மறுநாள் வீட்டுக்குப் போகலாம். பல நாள் அழுதவர்கள் ஓரிரு நாளில் வலி விட்டது என்பார்கள். புண் முழுதாக மூட ஆறு வாரம் வரை ஆகும்.

ஏன் பக்கவாட்டில்? 1951இல் ஐசன்ஹாமர் என்ற அறுவை சிகிச்சை மருத்துவர் இந்தத் தசையை வெட்டும் முறையை எழுதியபோது வெட்டு பின்பக்க நடுக்கோட்டில்தான். ஆறிய இடம் சாவித் துவாரம் போலப் பள்ளமாகி மலம் கசிந்தது. பிறகு வெட்டைப் பக்கத்துக்கு நகர்த்தினார்கள். 1969இல் நோட்டராஸ் தோலுக்கடியில் சிறு துளை வழியே செய்யும் முறையைக் கொடுத்தார். அப்போதும் ஒரு விலை உண்டு: சிலருக்குக் காற்றை அடக்க முடியாமல் போகும், அரிதாக மலமும். சுகப்பிரசவத்தில் தசை ஏற்கெனவே கிழிந்திருக்கக்கூடிய பெண்களுக்கும், ஏற்கெனவே ஆசனவாயில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் வெட்டும் முன் இரு முறை யோசிப்போம். பிரசவத்துக்குப் பின் வரும் வெடிப்பு முன்பக்கமும் வரலாம், பெரும்பாலும் மலம் இளகினாலே ஆறும். அவர்களுக்கு ரத்தசோகை மாத்திரையை நிறுத்தச் சொல்லாதீர்கள், அதனால் வரும் மலச்சிக்கலுக்கு லாக்டுலோஸ் கூடச் சேருங்கள்.

"லேசர்" என்ற பலகையைப் பார்த்து மயங்க வேண்டாம். கத்தியால் வெட்டினாலும் லேசரால் வெட்டினாலும் வெட்டுப்படுவது அதே தசை, வரக்கூடிய சிக்கலும் அதே. நான்கு விரல் விட்டு அகட்டும் பழைய முறையை யாராவது சொன்னால் மறுத்துவிடலாம்; எவ்வளவு தசை கிழிகிறது என்று செய்பவருக்கே தெரியாது.

சீட்டுப்பார்வை:

டாக்டர், ஒரு சந்தேகம். வலி ரெண்டாவது வாரமே நின்னுடுதே, அப்புறமும் எட்டு வாரம் ஜெல் போடுன்னு எப்படிச் சம்மதிக்க வைக்கிறது?

ஆறுமணிக்கோடு:

வலி நிற்பது தசை தளர்ந்ததற்கு அடையாளம், தோல் சேர்ந்ததற்கு அல்ல. சுவரில் பூசின சிமென்ட் தொட்டால் ஒட்டாது, அதற்காக அன்றைக்கே ஆணி அடிப்போமா? தோல் மூட ஆறிலிருந்து எட்டு வாரம். ஜெல்லை நிறுத்தின பிறகும் இசப்கோலும் தண்ணீரும் குறைந்தது மூன்று மாதம் ஓட வேண்டும். ஒரு கல்யாண வீட்டுச் சாப்பாடு, ஒரு நீண்ட பஸ் பயணம், ஒரே ஒரு கெட்டி மலம் போதும், புதுத்தோல் பழைய கோட்டிலேயே பிளக்கும்.

அடிவாரக்கடை:

குழந்தைகளுக்கும் இதே கணக்கா? நாலு வயசுப் பையனுக்கு ட்யூப் கேட்டு ஒரு அம்மா நிக்கிறாங்க.

வார்டு அக்கா:

ட்யூப் கொடுக்காதீங்க. பையன் கதவோரம் நுனிக்காலில் நின்னு, காலைப் பின்னிக்கிட்டு, முகம் சிவக்க முக்கறானான்னு கேளுங்க. அம்மா "போக முயற்சி பண்றான்"னு நினைப்பாங்க. அவன் வலிக்குப் பயந்து அடக்கறான். அரை லிட்டருக்கு மேல பால் குடிச்சா அதைக் குறைக்கணும், சாப்பிட்ட பிறகு காலுக்கடியில பலகை வெச்சு அஞ்சு நிமிஷம் உட்கார வைக்கணும், திட்டக் கூடாது. மலம் இளக்கற மருந்து எடைக்குத் தகுந்தாப்பல, குழந்தை டாக்டர் எழுதினாத்தான்.

அப்புறம், ரெண்டு மாசம் கழிச்சு அதே வலியோட வர்றாங்கன்னு மொதல்ல கேட்டீங்களே, அதுக்கு ஒரு வழி. ஜெல் கொடுக்கும்போது ட்யூப் மேலேயே பேனாவால ஆரம்பத் தேதி, எட்டு வாரம் கழிச்சு முடியற தேதி ரெண்டையும் எழுதிக் குடுங்க. ஒரு தடவைக்கு அரை கிராம், நாளைக்கு ரெண்டு தடவைன்னா 30 கிராம் ட்யூப் ஒரு மாசம் வரும். முழு வைத்தியத்துக்கு ரெண்டு ட்யூப். ஒரு மாசத்துல ரெண்டாவது ட்யூபுக்கு ஆள் வரலைன்னா நிறுத்திட்டாங்கன்னு அர்த்தம். உங்க பில் நோட்டுல பார்த்தாலே தெரிஞ்சுடும், ஒரு போன் போட்டுடுங்க.